மேஜரின் மோட்சமும் மதலேனம்மாளின் கடைவாய்ப்பல்லும்

மேஜர் டாக்டர் இன்னாசிமுத்துவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவரைப் புனிதராக்குகிற வேலை ஜரூராக நடந்துகொண்டிருந்தது. வேலையைக் கையில் எடுத்தவர் மகன் அமலதாஸ். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர். அப்பா உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிரசங்கம் முடிந்தபிறகு வந்து, நற்கருணைக்கு முன்னால் நழுவிவிடுகிற புண்ணியவான். அவர்தான் இப்போது முப்பதாம் நாள் பூசைக்குக் கோயில் வாசலில் பிளெக்ஸ் எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று பங்குச்சாமியாரோடு செல்போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.

தங்கை பிரகாசி இதையெல்லாம் பார்த்து மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தாள். அவள் வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சொந்த அண்ணன் கம்பெனி இருக்கும்போது எதற்கு இன்னொருத்தனிடம் கைகட்டி நிற்கிறாய் என்று கேட்டவர்களிடம், "அங்க போனா துணியில ஓட்டை பாக்கறதா, எங்கண்ணன் பேச்சுல ஓட்டை பாக்கறதாங்க?" என்று சொல்லிச் சிரிப்பாள்.

டீ சர்ட் விஷயம்தான் அவளுக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றியது. வெளிநாட்டுக்காரன் கலர் சரியில்லை என்று தள்ளிவிட்ட சரக்கு அமலதாஸின் குடோனில் பேல் பேலாகக் கிடந்தது. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, பழைய பல் நிறம். அதன் நெஞ்சில் அப்பாவின் முகத்தை ஸ்கிரீன் பிரிண்ட் அடித்து, கீழே 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று போட்டிருந்தார். அந்த வாசகம் புனிதர்களுக்குச் சொல்வது. பூசைக்கு வருகிற எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கப்போகிறாராம்.

"ஏனுங்ணா, இது வேண்டாம்னு தள்ளுன பீசுங்களே?" என்றாள் பிரகாசி.

"அதனாலென்ன? போட்டுக் கிழிச்சதா? எல்லாம் புதுசுதான். சும்மா கெடக்கறது அப்பா பேர்ல நாலு பேருக்குப் போகட்டுமே."

"அப்பா பேர்ல நல்லதா ஒண்ணு அடிச்சா ஆகாதுங்களா?"

"உனக்கு எதுலயும் குத்தம் கண்டுபுடிக்கோணும். செக்கிங் புத்தி," என்று அமலதாஸ் அடுத்த போனை எடுத்துவிட்டார்.

மேஜரைப் பற்றி ஊரில் சொல்லிக்கொண்ட கதை இதுதான். பொங்கலூர்ப் பக்கத்தில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற கோயில் உபதேசியாரின் மகன். சாமியார்கள் படிக்க வைத்தார்கள், பல் டாக்டர் ஆனார். பட்டாளத்தில் சேர்ந்து பனியிலும் குளிரிலும் சிப்பாய்களுக்குப் பல் பிடுங்கினார். ஒரு கையில் குறடு, ஒரு கையில் ஜெபமாலை. ஒரு நாளும் பூசையைத் தவறவிட்டதில்லை, ஒரு பைசா லஞ்சம் தொட்டதில்லை. பெரிய அதிகாரி ஒருத்தரிடம் உங்கள் வாய் நாறுகிறது என்று உண்மையைச் சொன்னதால்தான் மேஜருக்கு மேலே போகவில்லை. ஓய்வு பெற்றுத் திருப்பூருக்கு வந்தபிறகு பனியன் தொழிலாளிகளுக்காக ஒரு சின்ன கிளினிக் வைத்தார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால் கண்ணுக்கு நேராக, சேசு சிலுவையில் அறையுண்ட பாடுபட்ட சுருபம் தொங்கும். 'அவரு பட்டதைவிடவா உனக்கு வலிக்குது?' என்று கேட்டுவிட்டுத்தான் குறடை எடுப்பார்.

இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. பிரகாசிக்கு வயிறு எரிந்ததே அதனால்தான். பொய் என்றால் எதிர்த்துப் பேசலாம். எல்லாமே நிஜமாக இருந்து, வீட்டுக்குள் அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணின சங்கதி மட்டும் விட்டுப்போயிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்பெக்‌ஷன். அண்ணனும் தங்கையும் வரிசையில் நின்று ஆவென்று திறக்க வேண்டும். டார்ச் லைட்டும் ஸ்பூனுமாக மேஜர் வருவார். பல் இடுக்கில் ஒரு துணுக்குக் கடலை மிட்டாய் அகப்பட்டால் போயிற்று, முழங்காலில் நின்று ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லியாக வேண்டும். வாய் சுத்தமில்லாதவன் ஆத்துமமும் சுத்தமில்லை என்பது அவர் கட்சி. அந்த வீட்டில் அழக்கூடாது. முட்டி பெயர்ந்தாலும் சரி, பரீட்சையில் போனாலும் சரி, ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: ஒப்புக்கொடு. சேசுவின் பாடுகளோடு சேர்த்து உன் வலியையும் ஒப்புக்கொடு. அம்மா மதலேனம்மாளுக்கு ஒருமுறை காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. அப்போதும் அதே வார்த்தைதான். ஒப்புக்கொடு, கொடுத்துவிட்டு எழுந்து நாலு சப்பாத்தி போடு. அம்மா எழுந்து போட்டாள். இந்தச் சப்பாத்தியை யாராவது பிளெக்ஸில் அடிப்பார்களா என்று பிரகாசி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அம்மாவைப் பார்க்கப் போனபோதுதான் பிரகாசிக்குத் திக்கென்றது. மேஜர் கட்டிய வீட்டில் கீழே அம்மா, மாடியில் அண்ணன் குடும்பம். மதலேனம்மாள் சமையலறையில் தலையைச் சுற்றித் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கஞ்சி ஆறிப் போயிருந்தது. என்னம்மா என்றால் ஒன்றுமில்லை கண்ணு என்கிறாள். ஒன்றுமில்லை என்கிற வார்த்தையே வாயைத் திறக்காமல் பல்லுக்குள்ளிருந்து வருகிறது. பிரகாசி துண்டைப் பிடித்து அவிழ்த்துவிட்டாள். இடது கன்னம் பன் மாதிரி உப்பி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்குது?"

"உங்கப்பாவை அடக்கம் பண்ணுன வாரத்துலருந்து கண்ணு. கடைவாய்ப் பல்லு. தானா வத்திரும்."

பிரகாசி விடுவிடுவென்று மாடி ஏறினாள். அமலதாஸ் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மாவை உடனே பல்லாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றாள். அவர் முகம் மாறியது. கவலையால் இல்லை.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போவ? திருப்பூர்ல இருக்கற அத்தன பல் டாக்டருக்கும் அப்பாவைத் தெரியும். பல்லு மேஜர் சம்சாரத்துக்கே பல்லு சொத்தைன்னு நாளைக்கு டீக்கடைல சிரிப்பான். அதும் முப்பது கழியறதுக்குள்ள, இன்னொரு டாக்டர்கிட்டப் போயி அம்மா வாயைத் தொறக்கறதா? பூசை முடியட்டும். கோயமுத்தூர்ல நம்மளைத் தெரியாத எடமாப் பாத்து நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா வாயென்ன கள்ளச் சரக்குங்களா, யாருக்கும் தெரியாம கடத்திட்டுப் போறதுக்கு?"

"மெதுவாப் பேசு, பந்தல்காரரு நிக்கறாரு," என்றார் அமலதாஸ். பந்தல்காரர் நாகரிகமாக அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரகாசி தன் கம்பெனிக்குப் பக்கத்தில் பல் கிளினிக் வைத்திருக்கும் சித்ரகலாவிடம் தனியாகப் போய்ச் சொன்னாள். சின்ன வயசு டாக்டர், நாலு வருஷமாகத்தான் போர்டு மாட்டியிருக்கிறாள். கேட்டவுடனே எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, இது வெளையாட்டில்லீங்க. சீழ் கழுத்துக்கு எறங்குச்சுன்னா மூச்சே அடைச்சிரும். உசுருக்கு ஆபத்துங்க. இந்த மாத்திரையக் குடுங்க, வீக்கம் கொஞ்சம் வடியும். ஆனா வலி போகாது, பல்லை எடுத்தே ஆகோணும். இந்த வாரத்துலயே கூட்டிட்டு வந்துருங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்து வந்தாள் பிரகாசி. அண்ணன் கிடக்கிறான், அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மதலேனம்மாள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"முப்பது நாளும் தாங்கறேன்னு மாதாகிட்ட நேந்துட்டேன் கண்ணு. பூசை முடியட்டும்."

"எதுக்குங்கம்மா? எதுக்குத் தாங்கறீங்க?"

மதலேனம்மாள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா உத்தரிக்கிற ஸ்தலத்துல வேகறாங்க கண்ணு. எனக்கு நல்லாத் தெரியும். என்ற வலியை அவியளுக்காக ஒப்புக்கொடுக்கறேன். சீக்கிரம் வெளிய வந்துருவாங்க."

மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் இருப்பதாம் அந்த உத்தரிக்கிற ஸ்தலம். நரகத்துக்குப் போகிற அளவு பாவம் பண்ணாதவர்கள், மிச்சம் மீதியை நெருப்பில் கழித்துக்கொண்டு மேலே போகிற இடம். பூமியில் இருப்பவர்கள் பூசை வைத்தாலும், ஜெபித்தாலும், வலி தாங்கினாலும் அங்கே கிடக்கிறவருக்குச் சீக்கிரம் விடுதலை என்று ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. திருப்பூரே திரண்டு அந்த மனிதருக்குப் புனிதர் பட்டம் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டின பெண்டாட்டி ஒருத்தி மட்டும் அவர் வெந்துகொண்டிருக்கிறார் என்கிறாள்.

"எல்லாரும் அவரு நேரா மோட்சத்துக்குப் போயிட்டாருன்னு சொல்றாங்களேம்மா."

"அவுங்களுக்கு என்ன தெரியும்? நாப்பத்திரண்டு வருசம் கூட இருந்தவ நானு."

"அப்படி என்னதான் பாவம் பண்ணுனாரு?"

"செத்தவங்களைப் பேசக்கூடாது," என்று மதலேனம்மாள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "புருசன் பொண்டாட்டி ஒரே உடல்னு வேதத்துல இருக்குதல்ல. நீ தாங்குனா அது நான் தாங்குனாப்லதான்னு அவிய அடிக்கடி சொல்லுவாங்க. இப்ப அவியளால ஒண்ணும் பண்ண முடியாது, நாந்தான் பண்ணோணும்."

அடேங்கப்பா, எவ்வளவு வசதியான வேதம்! பாவம் ஒரு பக்கம், பல்வலி ஒரு பக்கம். பிரகாசி அன்றைக்கு அந்தச் சமையலறையில் நின்று தன் அப்பாவை வாய்விட்டே திட்டினாள். மதலேனம்மாள் அவள் திட்டத் திட்டச் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில் பிரகாசி ஓய்ந்துபோய் மாத்திரையை நீட்டினாள்.

"இதையாவது முழுங்குங்க."

"வலி போயிருமா?"

"போகாதாமா."

"அப்படின்னா குடு," என்று வாங்கி மதலேனம்மாள் விழுங்கினாள்.

மாத்திரையில் வீக்கம் சற்று வடிந்தது, கண் திறந்தது. ஆனால் ராத்திரியெல்லாம் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறாள் என்று அண்ணி ஜெசிந்தா சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்கண்ணனுக்கு யாரு எடுத்துச் சொல்றது?" என்று மாடிக்குப் போய்விட்டாள். முப்பதாம் நாள் காலையில் பிரகாசி வந்து தொட்டுப் பார்த்தபோது அம்மாவின் உடம்பு அனலாக இருந்தது. தாடைக்குக் கீழே விரல் வைத்தால் கல் மாதிரி கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கழுத்துக்கு இறங்கினால் என்று சித்ரகலா சொன்னது ஞாபகம் வந்ததும் பிரகாசி அண்ணனிடம் ஓடினாள்.

"அண்ணா, பூசை கெடக்குது. இப்பவே போலாங்க."

"இன்னைக்கு ஒரு நாளுதானே! கட்டுன பொண்டாட்டி இல்லாம முப்பதாம் நாளு நடத்துனா நல்லாருக்குமா?" என்றார் அமலதாஸ். புது வேட்டி, புதுச் சட்டை. ஊருக்கெல்லாம் கொடுத்த டீ சர்ட்டை அவர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் பிரகாசி கவனித்தாள்.

கோயில் நிறைந்திருந்தது. பாட்டுக் குழுவினர், மணி அடிக்கிற கோயில்பிள்ளை, பந்தல்காரரின் ஆட்கள், எல்லோர் நெஞ்சிலும் மேஜர் உம்மென்று உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தொப்பையுள்ளவர்கள் மேல் அவர் முகம் அகலமாகி, வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சிரிக்காத மனிதர் இளித்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் புது சவுண்ட் சிஸ்டம் போன வாரம்தான் வந்திருந்தது. வாங்கிக் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த சவுண்ட் சிஸ்டத்தில் பங்குச்சாமியார் முழங்கினார்: "மேஜர் இன்னாசிமுத்து இன்று மோட்சத்தில் இருக்கிறார். இந்தப் பங்கிலிருந்து நேராக, எங்கேயும் நிற்காமல் மோட்சத்துக்குப் போன ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்!"

பிரகாசி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மதலேனம்மாள் முக்காட்டுக்குள் தலையை நிமிர்த்திச் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் நினைவுக் கூட்டம். அமலதாஸுக்கு நூல் கொடுக்கிற லிங்கசாமி முதலில் மைக்கைப் பிடித்தார். அவர் மேஜரைக் கல்யாண வீடுகளில் இரண்டு தரம் பார்த்திருப்பார். எல்லையில் நின்று எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய வீரர் என்று அவர் ஆரம்பித்தபோது, குறடைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத மேஜர் சுவரில் மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து ஒருத்தர் அவரைக் கர்னல் என்றார். அதற்கடுத்தவர் பிரிகேடியர் ஆக்கினார். இன்னும் இரண்டு பேர் பேசியிருந்தால் ராணுவத் தளபதியே ஆகியிருப்பார், நல்லவேளையாகப் பிரியாணி வாசனை வந்துவிட்டது. முடிவாகப் பங்குச்சாமியார் எழுந்து, மோட்சத்தில் இருக்கும் நம் மேஜர் இங்கே கூடியிருக்கிற எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக என்று முடித்தார்.

அப்போதுதான் முன்வரிசையில் மதலேனம்மாள் எழுந்து நின்றாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் அவள் வாயைத் திறந்ததில்லை. இப்போது திறக்க நினைத்தாலும் ஒரு விரல் நுழைகிற அளவுதான் திறக்கும்.

"சாமி, ஒண்ணு கேக்கோணுங்க."

"சொல்லுங்கம்மா."

"அவிய மோட்சத்துலதான் இருக்காங்களா?"

சாமியார் கனிவாகப் புன்னகைத்தார். "அப்படித்தானம்மா நம்பறோம்."

"நம்பறது நானுந்தானுங்க சாமி. பிரசங்கத்துல இருக்கிறாருன்னு சொன்னீங்களே. எங்கயும் நிக்காமப் போயிட்டாருன்னு. நெசமாங்களா?"

பிரியாணி அண்டாவைத் திறக்கப் போன ஆள் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றான். "அம்மா, உக்காருங்க, ஒடம்பு சரியில்லீங்க சாமி," என்று அமலதாஸ் பாய்ந்து வந்தார். மதலேனம்மாள் மகனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இல்லீனு சொல்லிட்டாலும் சரிங்க. நான் இன்னும் தாங்கறேன். தெரிஞ்சுக்கத்தான் கேக்கறனுங்க."

சாமியார் பிளெக்ஸைப் பார்த்தார், சவுண்ட் சிஸ்டத்தைப் பார்த்தார், டீ சர்ட்டுகளைப் பார்த்தார். இத்தனையும் நடந்தபிறகு வேறென்ன சொல்ல முடியும் அவரால்?

"இருக்கிறாரம்மா. மோட்சத்துலதான் இருக்கிறார்."

"அப்பச் சரிங்க சாமி," என்று கும்பிட்டாள் மதலேனம்மாள். பிறகு பிரகாசியின் பக்கம் திரும்பினாள். "வண்டிய எடு கண்ணு. பல்லாஸ்பத்திரிக்குப் போலாம்."

டீக்கடையில் எவன் சிரிப்பானோ என்று பயந்த அண்ணனுக்கு இப்போது திருப்பூரின் முக்கியப் புள்ளிகள் அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் கிடைத்தார்கள். பிரகாசிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்த அம்மாவின் உடம்பு முதுகில் சுட்டதும் கொண்டாட்டமெல்லாம் பறந்துவிட்டது. கம்பெனி வேன்களுக்கும் டவுன் பஸ்களுக்கும் நடுவில் புகுந்து புகுந்து ஓட்டினாள். கழுத்துக்குள் இறங்கியிருந்தால் அண்ணனைச் சும்மா விடமாட்டேன், அப்பாவைக் கல்லறையிலும் சும்மா விடமாட்டேன் என்று ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சித்ரகலா தாடையை அழுத்திப் பார்த்து, டார்ச் அடித்துப் பார்த்து, மூச்சை விட்டாள். "நல்ல வேளை, இன்னும் எறங்கலீங்க. நாளைக்குன்னு இருந்தா பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பேன்." ஊசியைத் தயார் பண்ணிக்கொண்டு திரும்பினாள். மதலேனம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஊசியெல்லாம் வேண்டாங் கண்ணு. எனக்குப் பல்லுக்கு ஊசி போட்டதில்ல."

"முன்னாடியே நாலு பல்லு எடுத்திருக்குதுங்களே?"

"அவிய எடுத்தாங்க. பட்டாளத்துக் குவார்ட்டர்ஸ்ல இருக்கறப்ப, தவக்காலத்துல. ஊசி ஒரு வலி, புடுங்கறது ஒரு வலி, எதுக்கு ரெண்டு வலி, ஒண்ணையத் தாங்கி ஒப்புக்கொடுன்னு சொன்னாங்க."

சித்ரகலா பிரகாசியைப் பார்த்தாள். பிரகாசிக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. "எனக்கு ஊசி போட்டுத்தானேம்மா எடுத்தாரு?"

"நீங்கெல்லாம் புள்ளைங்க," என்றாள் மதலேனம்மாள்.

ஊசி போடாமல் நான் கை வைக்கமாட்டேன் என்று சித்ரகலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மதலேனம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஊசி இறங்கியபோது ஒருமுறை உடம்பு குலுங்கியது. அப்புறம் கன்னம் மரத்தது, உதடு மரத்தது, முணுமுணுப்பு குழறியது. சித்ரகலா குனிந்து என்னென்னவோ செய்தாள். மதலேனம்மாள் பிடித்த பிடியை விடாமல், வரப்போகிற வலிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துக் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எப்பக் கண்ணு புடுங்குவ?"

"எடுத்தாச்சுங்கம்மா," என்று சித்ரகலா பஞ்சை வைத்து வாயை மூடிவிட்டாள். "கடிச்சுக்குங்க, அரை மணி நேரத்துக்குப் பேசக்கூடாது."

மதலேனம்மாள் கண்ணைத் திறந்தாள். தட்டில் வேரோடு கடைவாய்ப்பல் கிடந்தது. அதையே பார்த்தாள். விரலால் தொட்டு உருட்டிப் பார்த்தாள். பிறகு பேசக்கூடாது என்றதையும் மீறிப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டாள்.

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"ஆமாங்கம்மா. ஊசி புடிச்சிருச்சுன்னா வலியே தெரியாதுங்க."

"இது இப்பப் புதுசா வந்த ஊசியா?"

"இல்லீங்கம்மா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்குதுங்களே. மேஜர் ஐயா ஊசி போட்டாப் போட்டதே தெரியாதுன்னு எங்க காலேஜ்ல வாத்தியாருங்க சொல்லுவாங்க."

"பட்டாளத்துலயும் சிப்பாய்ங்களுக்கெல்லாம் போட்டிருப்பாங்களா?"

"போடாம எப்படிங்கம்மா?" என்ற சித்ரகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கை கழுவப் போய்விட்டாள்.

மதலேனம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. மரத்த உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிரகாசி கிட்டப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாலு பல், நாலு தவக்காலம். அந்தக் குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு அம்மா படுத்திருந்ததை எல்லாம் தலைவலி என்று சொல்லித்தானே பிள்ளைகளை விளையாடப் போகச் சொன்னார்கள் என்று இப்போது புரிந்தது. அப்பாவைத் திட்டுவதற்கு அவள் அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இதற்குக் காணவில்லை.

"உங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்த கடைசி நாலு நாளு," என்று மதலேனம்மாள் குழறலாகச் சொன்னாள், "காலு வலிக்குது, ஊசி போடு, ஊசி போடுன்னு நர்சுப் புள்ளைங்களைப் போட்டு வெரட்டுனாங்க. எந்த ஊசி, எவ்வளவு போடோணும்னு அவியளே சொன்னாங்க. வயசாயிருச்சு, பாவம், தாங்க முடியலன்னு நெனச்சுட்டேன்."

வாசலில் கார் வந்து நின்றது. அமலதாஸ் உள்ளே வந்தார், வேர்த்து விறுவிறுத்து. அம்மாவின் கன்னத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசாமல் தன் வேலைக்கு வந்தார்.

"அம்மா, பங்குச்சாமியார் கேக்கச் சொன்னாருங்க. வருசம் முழுக்க மாசாமாசம் அப்பா ஆத்துமத்துக்குப் பூசை எழுதிரலாமான்னு. உங்க பேர்ல எழுதச் சொல்லட்டுங்களா?"

"மோட்சத்துல இருக்கறவருக்கு எதுக்குங்ணா பூசை?" என்று பிரகாசி சீறினாள்.

"அவிய மோட்சத்துல இல்ல," என்றாள் மதலேனம்மாள்.

"சாமியாரே சொன்னாருங்களேம்மா, எல்லார் முன்னாடியும்," என்றார் அமலதாஸ்.

"சாமியாருக்குத் தெரியாது. அவிய உத்தரிக்கிற ஸ்தலத்துலதான் இருக்காங்க." தட்டிலிருந்த பல்லை ஒருமுறை பார்த்துவிட்டு மகனைப் பார்த்தாள். "பூசையும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம். ஆரும் ஒண்ணும் ஒப்புக்கொடுக்க வேண்டாம். கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பஞ்சை எடுத்து மறுபடி வாயில் வைத்து நன்றாகக் கடித்துக்கொண்டாள்.